பதினோரு மணி கிளாஸை மாற்றுங்கள்: கலரையும் சர்க்கரை டீயையும் விட்டுவிட ஒரு வழிகாட்டி

பனியன் கம்பெனியில் பதினோரு மணிக்குத் தூக்குப்போசி (பிடி வைத்த டீப் பாத்திரம்) உள்ளே வரும். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கும். பேப்பர் கப்பில் டீ, கூடவே ஒரு பன். சாயங்காலம் மறுபடியும் அதே. சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் தறிக்குடோனில் ராத்திரி ரெண்டு மணிக்கு இன்னொன்று. வெயில் ஏறினால் நடுவில் ஒரு கலர், அதாவது கடையில் விற்கிற இனிப்புச் சோடா. ஒறம்பரை (உறவுக்காரர்) வீட்டுக்குப் போனால் அங்கேயும் கலர்.

இந்த நேரங்களில் யாரும் தாகமெடுத்துக் குடிப்பதில்லை. மணி அடித்தது, எல்லோரும் எழுந்தார்கள், கைக்குக் கிளாஸ் வந்தது, குடித்தாயிற்று. சர்க்கரை பானத்தை விட முயன்று தோற்பவர்களில் பலருக்கு மனவுறுதி குறைச்சல் கிடையாது. அந்த மணிக்குக் கையில் எடுக்க வேறு கிளாஸ் தயாராக இருக்காது, அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கிளாஸைச் சுற்றியே போகும். டீ நேரத்துக்குப் போங்கள், கூட்டாளிகளோடு நில்லுங்கள், பேசுங்கள். கிளாஸில் இருப்பதை மட்டும் மாற்றுங்கள்.

முதல் வாரம்: எதையும் விடாதீர்கள், எண்ணுங்கள்

ஏழு நாளைக்கு ஒரு துண்டுச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குடித்ததும் மூன்று விஷயம் எழுதுங்கள்: மணி, என்ன பானம், யார் கொடுத்தது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் பின்னால் அதிகம் உதவும். நீங்களே காசு கொடுத்து வாங்கியது எத்தனை, பிறர் கையில் திணித்தது எத்தனை என்பது அதில்தான் தெரியும்.

அடுத்து உங்கள் வீட்டு ஸ்பூனின் அளவைக் கண்டுபிடியுங்கள். கால் கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைப் பிரித்து, நீங்கள் வழக்கமாகப் போடுகிற மாதிரியே குவித்து அள்ளி, இன்னொரு டப்பாவுக்கு மாற்றிக்கொண்டே எண்ணுங்கள். 40 ஸ்பூனில் தீர்ந்தால் ஒரு ஸ்பூன் 6 கிராமுக்குச் சற்று மேல். தலைதட்டி அளக்கிற சின்ன ஸ்பூன் என்றால் 4 கிராம் அளவில் நிற்கும். ‘ரெண்டு ஸ்பூன்தானே’ என்று ஒருவர் சொல்வது 8 கிராமாகவும் இருக்கலாம், 13 கிராமாகவும் இருக்கலாம்.

பாட்டில்களுக்குக் கணக்கு சுலபம். பின்பக்கம் சின்ன எழுத்தில் 100 மில்லிக்கு ‘டோட்டல் சுகர்ஸ்’ எவ்வளவு, அதில் ‘ஆடட் சுகர்ஸ்’ எவ்வளவு என்று இருக்கும். கோலா வகைகள் பெரும்பாலும் 10, 11 கிராம். 250 மில்லி பாட்டில் ஒன்றில் 25 கிராமுக்கு மேல் வந்துவிடும். மாம்பழ பானங்களில் இதைவிடக் கூடுதலாகவே பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்பு, ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். அந்த 25 கிராமை ஒரே பாட்டில் தின்றுவிடுகிறது.

வீட்டுக் கணக்கையும் போடுங்கள். சர்க்கரை டப்பாவை நிரப்பும் நாளில் மூடியின் உட்புறம் பென்சிலால் தேதி எழுதுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 கிலோ தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். பேக்கரி டீயும் கலரும் பலகாரமும் இதற்கு மேலே.

நாட்டுச்சர்க்கரை பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு அது. மணமும் ருசியும் உண்டு, நம் ஊர் உழவர்களின் பொருள். ஆனால் ரத்தத்தில் சேரும்போது அதுவும் சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு அதே அளவு நாட்டுச்சர்க்கரை போட்டால் கணக்கில் ஒரு கிராம்கூடக் குறைந்ததாக எழுத முடியாது. தேன், கருப்பட்டி, கரும்புச்சாறு, பதநீர் எல்லாவற்றுக்கும் இதுவேதான். ஒரு பெரிய கிளாஸ் கரும்புச்சாற்றில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும்.

தொடங்குவதற்கு முன் சிலர் கவனிக்க வேண்டியது

இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று இனிப்பை நிறுத்தினால் சர்க்கரை அளவு தாழ்ந்துபோகலாம். முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, கண் இருட்டல் வந்தால் அந்த நேரத்தில் விரதம் பார்க்கக் கூடாது. 15 கிராம் அளவு குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. அதற்கும் அடங்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இன்னொன்று. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை, ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போகிறோம், உடம்பு காரணமில்லாமல் இளைக்கிறது என்றால் அதைப் பழக்கம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தச் சர்க்கரையைக் காசில்லாமல் பார்ப்பார்கள். முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பாட்டிலை ஒரேயடியாக, டீயைப் படிப்படியாக

கலர், கோலா, மாம்பழ பானம், பெட்டி ஜூஸ், எனர்ஜி டிரிங்க் ஆகியவற்றை ஒரு தேதி குறித்து ஒரேயடியாக நிறுத்துங்கள். ‘வாரத்துக்கு ஒன்று’ என்று வைத்தால் அந்த ஒன்று எது என்று தினமும் மனதுக்குள் வழக்கு நடக்கும். வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிற ரெண்டு லிட்டர் பாட்டில்தான் முதல் எதிரி. கண்ணில் பட்டால் கை போகும். காலி செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

டீ, காப்பியில் அப்படிச் செய்யாதீர்கள். டீயையே நிறுத்தினால் மறுநாளே தலைவலி பிடிக்கும். காஃபின் நின்றதால் வருகிற வலி அது, ஒரு வாரம்கூட இருக்கலாம். பலர் இதைச் சர்க்கரை விட்டதால் வந்தது என்று நினைத்து மூன்றாம் நாளே பழையபடி திரும்பிவிடுகிறார்கள். டீ இருக்கட்டும், சர்க்கரை மட்டும் இறங்கட்டும். ரெண்டு ஸ்பூன் என்றால் பத்து நாள் ஒன்றரை, பத்து நாள் ஒன்று, பத்து நாள் முக்கால், பிறகு அரை. அரையில் நின்றாலும் நல்ல இறக்கம்தான். அதற்குக் கீழே போக விரும்புகிறவர்கள் கால் ஸ்பூனில் ரெண்டு வாரம் இருந்துவிட்டு விடலாம். கோலா நிறையக் குடித்தவர்களுக்கு அதிலும் காஃபின் உண்டு என்பதால், பாட்டிலை நிறுத்தும் வாரத்தில் டீயின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம்.

சர்க்கரை குறைந்ததும் டீ கசக்கும். குற்றம் நாக்கில் இல்லை, கொதியில் இருக்கிறது. டஸ்ட் தூள் ரொம்பச் சீக்கிரம் சாறு விடும். பத்து நிமிஷம் கொதித்தால் துவர்ப்பு முழுக்க இறங்கிவிடும். அந்தத் துவர்ப்பை மூடத்தான் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. வீட்டில் தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு, ரெண்டு நிமிஷத்தில் வடிகட்டி, சூடான பாலைத் தனியாகச் சேருங்கள். ஒரு துண்டு இஞ்சி, ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டால் இனிப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. பாலுக்கும் சொந்தமாகக் கொஞ்சம் இனிப்பு உண்டு. ஸ்பூன் இறங்கிய பிறகுதான் அது நாக்குக்குத் தெரியவரும்.

பேக்கரியில் சொல்ல வேண்டிய வார்த்தை

கோயம்புத்தூரில் டீக்கடை என்றாலே பேக்கரி. மாஸ்டரின் கை வேகம் நமக்குத் தெரியும். பல கடைகளில் கிளாஸில் முதலில் விழுவது சர்க்கரைதான், பாலும் டிக்காஷனும் அதற்கப்புறம். அவர் ஸ்பூனைத் தூக்கிய பிறகு ‘கம்மியா போடுங்க’ என்றால் பலனில்லை. டோக்கன் வைக்கும்போதே சொல்லுங்கள்:

“மாஸ்டர், ஒரு லைட் டீங்க. சக்கரை வேண்டாமுங்க.”

‘லைட்’ என்பதை மறக்காதீர்கள். ஸ்ட்ராங் டீயில் சர்க்கரை இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாது. அரை ஸ்பூன் நிலையில் இருப்பவர்கள் சக்கரையைத் தனியாகக் கேட்டு வாங்கித் தாங்களே போட்டுக்கொள்வது நல்லது. ‘கம்மி’ என்பதற்கு ஒவ்வொரு மாஸ்டருக்கும் ஒவ்வொரு அளவு. ஒரே கடையில் பத்து நாள் தொடர்ந்து சொன்னால் பதினோராம் நாள் உங்களைப் பார்த்ததுமே அப்படிப் போட்டுத் தருவார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன்னும் வர்க்கியும் உட்கார்ந்திருக்கும். டீயில் ரெண்டு ஸ்பூன் குறைந்த வாரத்தில் அவற்றின் மேல் ஆசை கூடும். அங்கே தப்பித்த சர்க்கரை இங்கே வந்து சேர்ந்தால் கணக்கு பழையபடிதான். வெறும் வயிற்றோடு பேக்கரிக்குப் போகாமல் இருப்பதே இதற்கு மருந்து. வேகவைத்த கடலைக்காய் ஒரு கைப்பிடி, அல்லது ஒரு கொய்யா முன்னாலேயே உள்ளே போயிருக்கட்டும்.

தூக்குப்போசி டீயில் இந்த வித்தை எதுவும் நடக்காது. சர்க்கரை மொத்தமாகக் கலந்து வரும், பத்துப் பேர் சொன்னால்தான் மாறும். டீ வாங்கப் போகிறவரிடம் ஒரு சின்ன ஸ்டீல் டம்ளரோ மூடி போட்ட போசியோ கொடுத்து, ‘இதுல மட்டும் சக்கரை இல்லாம வாங்கியாங்க’ என்று சொல்லிவிடுங்கள். லைனில் ஏற்கெனவே சர்க்கரை நோயுள்ள ரெண்டு பேராவது இருப்பார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டால் தனிப் போசியாகவே வந்துவிடும்.

ராத்திரி ஷிஃப்ட் தறிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ரெண்டு மணி டீயில் தூக்கத்தை விரட்டுவது டீத்தூளில் இருக்கிற காஃபின். சர்க்கரை இல்லாமல் குடித்தாலும் அந்த வேலை நடக்கும். விடிகாலை நாலுக்கு மேல் குடித்தால் காலைத் தூக்கம் கெடும், அதைத் தவிருங்கள்.

கையில் என்ன எடுப்பது

தண்ணீர்தான் முதல். ஆனால் பல்லடம், அவிநாசிப் பக்கம் போர்த் தண்ணி உப்பாக இருக்கும், வாயில் நிற்காது. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் அங்கே வேலைக்குப் போனதும் கலருக்கு மாறுவது இதனால்தான். கம்பெனித் தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் வீட்டு நல்ல தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். சீரகம் போட்டுக் கொதிக்கவைத்தால் மணம் மாறும், உப்பு போகாது. மண்பானையில் குளிர்ந்த தண்ணீர் ருசியாக இருக்கும். ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும்போது தாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் மணிக்கொரு டம்ளர் குடியுங்கள்.

கலர் குடித்த இடத்துக்கு மோர் நன்றாகப் பொருந்தும். அரை டம்ளர் தயிருக்கு ரெண்டு டம்ளர் தண்ணீர், கால் ஸ்பூன் உப்பு, சின்னத் துண்டு இஞ்சி, நாலு கறிவேப்பிலை, பாதிப் பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை. தட்டிப் போட்டுக் கடைந்து வடிகட்டினால் ரெண்டு பேருக்கு ஆகும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைப் பாதியாக்குங்கள். வேலைக்கு எடுத்துப் போகும்போதுதான் சிக்கல். காலை ஏழு மணிக்குக் கலந்து பாட்டில் நிறைய ஊற்றி இறுக்கி மூடினால் மத்தியானம் திறக்கையில் ‘புஸ்’ஸென்று பொங்கும். வெயிலில் புளிப்பு ஏறிக் காற்று சேர்ந்திருக்கும், குடிக்கவும் முடியாது. கெட்டித் தயிரை உப்புப் போடாமல் சின்ன டப்பாவில் கொண்டுபோய், குடிக்கும்போது தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக்கொள்ளுங்கள். இஞ்சியும் மிளகாயும் தட்டித் தனிப் பொட்டலமாக. டப்பா ஸ்டீலாக இருக்கட்டும், அலுமினியமும் பித்தளையும் புளிப்போடு சேராது.

எலுமிச்சைக்கு: 250 மில்லி தண்ணீர், அரைப் பழம், ஒரு சிட்டிகை உப்பு, நாலு புதினா இலை. கொட்டையை எடுத்துவிட்டு மெதுவாகப் பிழியுங்கள். தோலோடு சேர்த்து நசுக்கினாலும், பிழிந்து ரொம்ப நேரம் வைத்தாலும் கசக்கும். கடையில் கேட்டால் ‘உப்புப் போட்ட லெமன் சோடா’ என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாகு விழுந்துவிடும். எலுமிச்சையும் சோடாவும் புளிப்புப் பொருள், பல்லின் மேல்பூச்சைக் கரைக்கும். உறிஞ்சி உறிஞ்சி ஒரு மணி நேரம் வைத்திருக்காமல் குடித்து முடித்து வாய் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம், அரை மணி போகட்டும்.

கம்மங்கூழும் இளநீரும் நல்லவைதான், அளவு தெரிந்து குடிக்க வேண்டும். மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக் குடிக்கிற ஒரு சொம்புக் கூழ் ஒரு வேளைச் சாப்பாடு. சோற்றுக்கு மேல் அதையும் குடித்துவிட்டு ‘கூழ்தானே’ என்றால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஏறும். பொள்ளாச்சி இளநீர் ஒரு நாளைக்கு ஒன்று போதும். கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

பழ ஜூஸ் கடையில் மிக்ஸிக்குள் பாகு விழுவதற்கு முன் சொல்ல வேண்டும். அதைவிடப் பழத்தையே நறுக்கித் தரச் சொல்வது மேல். டயட் கோலா கேட்கிறவர்களுக்கு: சர்க்கரை இருக்காது என்பது உண்மை. முதல் மாதம் பாட்டிலிலிருந்து இறங்க ஒரு படியாக உதவலாம். ஆனால் நாக்கு பழைய இனிப்பிலேயே நிற்கும். எடை குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது.

ஒறம்பரை வீடும் கல்யாணமும்

சீட்டில் ‘யார் கொடுத்தது’ என்று எழுதினீர்களே, அது இங்கே உதவும். நம் பக்கம் வீட்டுக்கு வந்தவரை ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவது குறை. ‘ஒண்ணும் வேண்டாம்’ என்ற பதிலைக் கேட்டதும் பையனைக் கடைக்கு விரட்டிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லாமல் வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள்:

“ஏஞ்சாமி, ஊட்டுக்கு வந்துட்டு ஒண்ணும் குடிக்காமப் போறதா? இரு, கலர் வாங்கியாரச் சொல்றேன்.”

“கலர் வேண்டாமுங்கத்தை. மோர் இருந்தா ஒரு டம்ளர் குடுங்க, வெயிலுக்கு அதுதான் நல்லாருக்கும்.”

கொடுக்கிறவருக்கும் மனசு நிறையும், பையனுக்கு அலைச்சலும் இல்லை. எதற்கு விட்டோம், எவ்வளவு கிராம் என்று அங்கே விளக்கவே வேண்டாம். விளக்கினால் வாதம் வரும், வாதத்தின் முடிவில் கலர் வரும். கல்யாண மண்டபத்தில் வாசலிலேயே ரோஸ்மில்க் தட்டு நிற்கும். உள்ளே போகும்போது கையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் யாரும் நீட்ட மாட்டார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் அப்புச்சியும் அம்மிச்சியும் (அம்மாவின் அப்பா, அம்மா) வாங்கி வருகிற மாம்பழ ஜூஸ் பெட்டியைப் பிடுங்கிக் குழந்தையை அழவைக்காதீர்கள். வருவதற்கு முன்னாலேயே போனில் சொல்லுங்கள்: “வர்றப்ப நொங்கு கெடச்சா வாங்கியாங்க அப்புச்சி.” என்ன வாங்குவது என்று தெரியாமல்தான் அவர்கள் பெட்டியை எடுக்கிறார்கள். ரெண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த எதுவும் வேண்டாம். மால்ட் பவுடர்களையும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. பேதிக்கு ஓஆர்எஸ் வேண்டுமென்றால் மருந்துக் கடையில் பொடிப் பாக்கெட்டாக, உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அது மருந்து, அதை நிறுத்தக் கூடாது.

பழக்கம் எத்தனை நாளில் ஒட்டும்

21 நாள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி 22-ஆம் நாள் சோர்ந்துபோகாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்தி 2010-ல் அச்சான ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்க ஆரம்பிக்க ஆன நாட்கள் ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை இருந்தன, நடுவாக 66. ஒருநாள் தவறியதால் பெரிய நஷ்டம் வரவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு கல்யாணத்தில் ரோஸ்மில்க் குடித்துவிட்டால் அடுத்த கிளாஸ் மோராக இருக்கட்டும். ‘போச்சு, இனி திங்கட்கிழமையிலிருந்து’ என்று தள்ளிப்போடும் அந்த நாலு நாளில்தான் பழக்கம் உடைகிறது.

அந்த ஆய்வில் எல்லோரும் செய்தது ஒன்றே. தினமும் ஒரே சமயத்தோடு புதுப் பழக்கத்தைக் கட்டினார்கள். நீங்களும் ஒரே வரியாக எழுதிக்கொள்ளுங்கள்: ‘பதினோரு மணிக்கு மெஷினை நிறுத்தியதும் என் டம்ளரை எடுப்பேன்.’ ‘இனிமேல் இனிப்பைக் குறைப்பேன்’ என்பதில் மணியும் இல்லை, டம்ளரும் இல்லை, அதனால் அது நடக்காது. ஷிஃப்ட் மாறும் வாரத்தில் மணி மாறும். அதற்கும் ஞாயிற்றுக்கிழமையே ஒரு வரி எழுதி வையுங்கள். பழக்கம் அதிகம் அறுவது ஷிஃப்ட் மாறும்போதும், ஊருக்குப் போய் வரும்போதும்தான். காந்திபுரத்தில் பஸ் ஏறும் முன் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டால், நடுவழியில் வண்டி பத்து நிமிஷம் நிற்கிற ஹோட்டலில் ஃப்ரிட்ஜ் பக்கம் போக வேண்டியிருக்காது.

ரெண்டாவது மாதத்தில் பழைய கலரை ஒரு வாய் குடித்துப் பார்த்தால் பலருக்குத் திகட்டும். திகட்டாதவர்களும் உண்டு, அவர்களும் செய்ததில் தப்பில்லை. எடை மெஷினைத் தினமும் பார்க்காதீர்கள், தண்ணீர்ச் சத்தால் மட்டுமே அது ஒரு கிலோ ஏறும் இறங்கும். சர்க்கரை டப்பா காலியாகும்போது மூடியைத் திருப்பிப் பழைய தேதியைப் பாருங்கள். அதன் கீழேயே புதுத் தேதியை எழுதிவிட்டு நிரப்புங்கள்.